புகைக்குழாய்ப் பள்ளத்தில் ஒரு மான்

கோரின் ஹாஸ்கெட் எய்த முதல் அம்புகளில் ஒன்று என் வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தில் குத்தி நின்றது. நான் ஈரத்துணிக் கூடையோடு வெளியே வந்தபோது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினாள்.

"மாவிஸ், உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. கம்பத்தைக் கேளு."

அவள் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து அவள் கணவன் வெய்லனின் குரல் வந்தது. "செத்துருச்சா பாரு மாவிஸ். செத்திருந்தா இன்னிக்கு எங்க வீட்ல கம்பக் கறி!"

அவன் கேலி பேசிக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதனாலேயே நான் கம்பத்தைப் பற்றி மேலே ஒன்றும் பேசவில்லை.

கோரினும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்கிறோம். அவள் கோதுமைச் சமவெளியில் பிறந்தவள். வெய்லனைக் கட்டிக்கொண்டு ஐடஹோ மலைக்கு வந்தவள். மலை ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். வெய்லன் மரம் ஏற்றும் லாரி ஓட்டினான். ஒரு குளிர்காலக் காலையில் லாரியில் ஏற்றிய மரங்களுக்கு மேல் சங்கிலி எறிந்து இறுக்கும்போது பனியில் வழுக்கி முதுகு கீழாக விழுந்தான். அதோடு லாரி போயிற்று. சாய்வு நாற்காலி, படுக்கை, ஜன்னல் என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. வீட்டுக்குள் நடக்கவே இரண்டு கைத்தடி வேண்டும்.

அதற்கு முன்னால் வருடம் தவறாமல் ஓர் எல்க் மானை அடித்துக்கொண்டு வருவான். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கறி கடையில் வாங்குவது விருந்தாளி வந்தால்தான். மற்ற நாளெல்லாம் எல்க் கறிதான். அவன் விழுந்த பிறகு சர்ச்சிலிருந்து ஆட்கள் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய கறிப் பொட்டலங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். வெய்லன் தொடமாட்டான். கோரின் அதை வறுத்து வைத்தால், "எனக்கு முட்டை போதும்," என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். கராஜில் இருந்த பெரிய ஃப்ரீசர் காலியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்கவும் விடமாட்டான். கோரின் ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே என்னிடம், "அவன் சாப்பிடற கறி நம்ம வீட்டுக் கறியா இருக்கணும் மாவிஸ். இல்லன்னா அவன் இப்படியே காய்ஞ்சு போயிருவான்," என்றாள். வெங்காயத்தால்தான் அழுகிறாள் என்று நானும் பாவனை செய்தேன்.

துப்பாக்கி சீசனுக்கான அனுமதி எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. செப்டம்பரில் வரும் வில் சீசனுக்கு மட்டும் மிச்சமிருந்தது. அவள் சித்தப்பா மகனிடம் இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த பழைய வில் ஒன்று இருந்தது. அதை வாங்கிவந்து கோடை முழுக்க வைக்கோல் கட்டின்மேல் எய்து பழகினாள். தோள் வீங்கும். ஐஸ் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு வந்து சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பாள்.

வெய்லன் வாழ்நாளில் வில்லைத் தொட்டதில்லை. ஆனால் அந்தக் கோடையில் வில் வேட்டையில் பழம் தின்று கொட்டை போட்டவன் மாதிரி நாற்காலியிலிருந்து பாடம் எடுத்தான்.

"காத்து உன் முகத்துல அடிக்கணும். முதுகுல அடிச்சா வேற பக்கமா சுத்திப் போ. மான் கண்ணை ஏமாத்தலாம், காதை ஏமாத்தலாம், மூக்கை முடியாது."

"சரி."

"இருபத்தஞ்சு கஜத்துக்கு மேல கையைத் தூக்காத. அடிச்சதும் பின்னாலயே ஓடாத. உக்காரு. துரத்தினா அது பக்கத்து மாநிலத்துக்கே போயிரும்."

"சரிடா, சரி."

"அப்புறம், புகைக்குழாய்க்குள்ள இறங்காத. இறங்குறது சுலபம். ஒரு எல்க்கைத் தூக்கிட்டு ஏறணும். நானே அதுல இறங்கினதில்ல."

புகைக்குழாய் என்பது எங்கள் ஊருக்கு மேலே அரசாங்கக் காட்டில் இருக்கும் ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி இறங்கும். அடியில் ஓர் ஓடை, ஓடை முழுக்க ஆல்டர் புதர், புதருக்கு மேல் எப்போதோ எரிந்து விழுந்த மரங்கள் தாறுமாறாகக் கிடக்கும். அங்கே குதிரையும் இறங்காது.

சீசன் திறந்தது. பள்ளிக்கூடம் இருந்ததால் அவளுக்குச் சனி, ஞாயிறுதான். முதல் வாரம் ஓர் எல்க் கூட்டத்தின் வாசனை வரை போய்விட்டாள், குதிரை லாயம் மாதிரி வாசனை. காற்றின் திசை பார்க்க, மக்காச்சோள மாவு அடைத்துவைத்திருந்த பழைய ஷாம்பூ புட்டியை அழுத்திப் பார்த்தால், மாவு அவள் முதுகுப் பக்கமிருந்து அவளைத் தாண்டி முன்னால் மிதந்து போயிற்று. அடுத்த நொடி மரங்கள் முறியும் சத்தம்தான் மிச்சம்.

இரண்டாவது வாரம் நடந்தது இன்னும் மோசம். விடிந்ததும் தூரத்தில் ஓர் ஆண் எல்க் கூவியது. அது புல்லாங்குழல் மாதிரி ஆரம்பித்து உறுமலில் முடியும். இவளும் தன் ஊதுகுழலை எடுத்துப் பதில் கூவினாள். அது திரும்பக் கூவியது. இப்படியே ஒன்றை ஒன்று அழைத்துக்கொண்டு, இவள் முழங்காலால் தவழ்ந்து ஒரு புதரை விலக்கினால், எதிரே முகத்தில் கரி பூசிய ஓர் ஆள் வில்லோடு முட்டி போட்டிருக்கிறான்.

அவன் பெயர் டிராஸ்பர். மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்தில் கூடாரம் போட்டுத் தன் மச்சானோடு தங்கியிருந்தான்.

"ஏம்மா, ஒரு மணி நேரமா நான் மயக்கிட்டு இருந்தது உங்களையா?" என்றான்.

"நானும் ஏதோ அழகான கிடான்னு நெனச்சுத்தான் வந்தேன்," என்றாள் கோரின்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "புதுசுன்னா ரோட்டோரமா நின்னு பழகுங்க. பத்து வருஷமா நான் இங்க வேட்டையாடறேன்."

"இது அரசாங்க நிலம். உங்க அப்பா எழுதி வெச்ச சொத்தா?"

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசியதை நான் எழுதப்போவதில்லை. அந்தக் காடு முழுக்கக் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு மானும் இருந்திருக்காது.

மூன்றாவது வாரம் மழை. நான்காவது வாரம்தான் கடைசி. அந்த வாரம் வெயில் திரும்பி வந்தது, ஆகஸ்ட் வெயில். எங்கேயோ காடு எரிந்த புகை வானத்தில் அசையாமல் நின்றது. வெள்ளிக்கிழமை கோரினும் நானும் பாத்திரம் கழுவி முடித்தோம். கிளம்பும்போது, "இந்த வாரம் இல்லன்னா அவ்ளோதான்டி," என்றாள்.

சனிக்கிழமை காலை ஓர் எல்க் கிடா புகைக்குழாயின் விளிம்புக்கு வந்தது. வயது குறைந்த கிடா, கொம்பு பெரிதில்லை. காற்று அவள் முகத்தில் அடித்தது. இருபது கஜம்கூட இருக்காது. அது ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் தலையை மறைத்த நேரத்தில் வில்லை இழுத்தாள். வெளியே வந்ததும் விட்டாள். அம்பு விலாவில் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. மான் ஒரு துள்ளு துள்ளிப் பள்ளத்துக்குள் பாய்ந்தது.

அவள் உட்கார்ந்தாள். எழுந்து ஓடிவிடாமல் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாளாம். அம்பில் இளஞ்சிவப்பாக நுரை கலந்த ரத்தம் இருந்தது. நுரையீரல். அதிக தூரம் போகாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் போகிற தூரமெல்லாம் கீழ்நோக்கித்தான்.

அது ஓடையில் கிடந்தது. ஆல்டர் புதருக்குள், ஒரு பழைய மரத்துக்கும் கரைக்கும் நடுவில் முதுகு சிக்கி, செத்துப்போயிருந்தது. கோரின் அதன் கழுத்தில் கை வைத்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு மேலே பார்த்தாள். இறங்கி வந்த சரிவு தலைக்கு மேல் நின்றது.

எல்க் என்பது ஆட்டுக்குட்டி இல்லை. ஒரு மாட்டின் எடை. தோலுக்குள் இருக்கும் சூடு தானாக இறங்காது. வெயிலில் சீக்கிரம் உரித்துக் காலைப் பிரித்து நிழலில் தொங்கவிடாவிட்டால் எலும்பை ஒட்டிய கறி உள்ளிருந்தே புளித்துப்போகும். மேல்பக்கத்தை உரித்து முன்காலையும் பின்தொடையையும் எடுத்துத் துணிப்பைகளில் கட்டித் தொங்கவிட்டாள். அதற்குள் மஞ்சள் குளவிகள் மொய்க்க ஆரம்பித்துவிட்டன. கை, காது, உதடு எல்லாம் கொட்டின. இப்போது உடம்பைப் புரட்ட வேண்டும். புரட்ட முடியவில்லை. கயிறு கட்டி இழுத்தாள். காலை மரத்தில் கொடுத்து முதுகால் தள்ளினாள். கயிறு அறுந்து ஓடையில் விழுந்தாள். மானைப் பார்த்துக் கத்தினாள். "எந்திரிடா! எந்திரிச்சு அந்தப் பக்கமாவது படுடா!"

கடைசியில் புரண்டபோது உச்சி வெயில் தாண்டியிருந்தது. கீழ்ப்பக்கத் தொடையில் கை வைத்தால் அடுப்பிலிருந்து இறக்கிய பானை மாதிரி சுட்டது. அதையும் அந்தப் பக்க முன்காலையும் வெட்டித் தொங்கவிட்டாள். முதுகுக் கறியையும் ஒரு முன்காலையும் சுமந்துகொண்டு ஏறத் தொடங்கினாள். நாலு எட்டு வைப்பாள், ஒரு மரத்தைக் கட்டிக்கொள்வாள். விளிம்பில்தான் போன் எடுக்கும்.

வெய்லன் எடுத்தான். "அடிச்சிட்டேன்," என்றாள்.

"எங்க?"

"புகைக்குழாய்."

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"திட்டாத வெய்லன். அப்புறம் திட்டு. இன்னும் மூணு கால் கீழ தொங்குது, வெயில் கொளுத்துது, கெட்டுப்போயிரும். ஆள் அனுப்பு. மாவிஸைக் கூப்பிடு."

கூப்பிட்டான். நான் தக்காளி ஜாடிகளை மூடிக்கொண்டிருந்தேன். "கோரின் புகைக்குழாயில மாட்டிக்கிட்டா, போ மாவிஸ்," என்று சொல்லி வைத்துவிட்டான். பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் அவர்கள் வீட்டு வாசலில் அவன் பிக்கப் இல்லை. இரண்டு வருடமாக அந்த வண்டியை அவன் ஓட்டியதில்லை.

என் காரில் போனேன். மலைப்பாதையின் ஆரம்பத்தில் அவன் வண்டி கதவு திறந்தபடி நின்றது. பக்கத்துக் கூடாரத்தில் இருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு தடி வெச்சுக்கிட்டு ஒருத்தர் போனாரா?" என்றேன்.

"போனார். வேணாம்னு சொன்னோம், கேக்கல," என்றான் பெரியவன். அவன்தான் டிராஸ்பர். "என்ன விஷயம்?"

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"யாரு, அந்தச் சண்டைக்காரியா? புகைக்குழாய்க்குள்ளயா அடிச்சிருக்கா?" என்று சொல்லிவிட்டு அவன் மச்சானைப் பார்த்தான். நான் பதிலுக்கு நிற்காமல் ஓடினேன்.

மேட்டுப் பாதையின் முடிவை எட்டும் முன்னாலேயே அவர்கள் குரல் கேட்டது. குரல் கேட்டதும், உயிரோடு இருக்கிறார்கள் என்று எனக்கு நிம்மதி வந்தது. விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். வெய்லன் கொஞ்ச தூரம் இறங்கியிருக்கிறான். கால் மடங்கி, சரிவில் சறுக்கி, விழுந்த மரம் ஒன்று தடுத்ததில் அதன்மேல் குறுக்காகக் கிடந்தான். தடிகளைக் காணோம். இரண்டாவது சுமையோடு ஏறி வந்த கோரின் ஒரு முழுத் தொடையை முதுகில் கட்டியபடி அவன் முன்னால் நின்றாள். முகமெல்லாம் குளவிக் கடியில் வீங்கி, எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எவன் உன்னை வரச் சொன்னது? எவன்டா சொன்னது?"

"நீதானே ஆள் வேணும்னு கேட்ட."

"ஆள் அனுப்புன்னு சொன்னேன். நீ ஆளா?"

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்ததை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள். குளவிகள் அவள் முதுகுச் சுமையைச் சுற்றிக்கொண்டிருந்தன. வெய்லன் மரப்பட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவன், "கீழ போ கோரின். கறியைப் பாரு. அது கெட்டுப்போகும். நான் இதுக்கு மேல கெட மாட்டேன்," என்றான்.

நான் சறுக்கிக்கொண்டே இறங்கினேன். அவன் உதடு சாம்பல் நிறமாக இருந்தது. இடது காலில் உணர்ச்சியே இல்லை என்றான். பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைக் கிள்ளினேன். "கிள்ளிட்டியா?" என்று கேட்டான்.

கோரின் என்னைப் பார்த்தாள், பள்ளத்தைப் பார்த்தாள். கறியைக் காட்டில் அழுக விடுவது சட்டப்படி குற்றம். அவளுக்கு அது சட்டத்தைவிடப் பெரிய விஷயம். ஒரு கோடையும் நான்கு வாரமும் ஓர் உயிரும் அந்தப் புதரில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் வாரை அவிழ்த்தாள். சுமை தரையில் விழுந்தது. அப்படியே விட்டுவிட்டு வெய்லனின் கக்கத்தில் கை கொடுத்தாள். "மாவிஸ், காலைப் பிடி."

அப்போதுதான் மேலே கல் உருண்டது. டிராஸ்பரும் அவன் மச்சானும் முதுகில் சுமைச் சட்டங்களோடு இறங்கி வந்தார்கள்.

"எங்க தொங்குது?" என்றான் டிராஸ்பர்.

கோரினுக்கு அவனைப் பார்த்ததும் கண் சிவந்தது. "அது என்னோடது."

"எடுத்துட்டு ஓடவா போறோம்? இந்தக் குழிக்குள்ளேர்ந்தா?" என்றான் அவன். பிறகு குரலைத் தணித்து, "சொல்லும்மா. வெயில் நிக்குது," என்றான்.

சொன்னாள். ஓடையில் இரண்டாவது விழுந்த மரம், வலது பக்கப் புதர். அவர்கள் இறங்கிப் போனார்கள்.

மீட்புப் படையைக் கூப்பிடலாம் என்றேன். வந்து சேர இருட்டிவிடும் என்றான் வெய்லன். அது உண்மைதான். மேல்நோக்கி முதுகைத் திருப்பி உட்கார்ந்து, கையை ஊன்றித் தன்னைத் தானே ஒரு சாண் ஒரு சாணாகத் தூக்கி வைத்தான். லாரிச் சங்கிலி இழுத்த கைகள் இன்னும் மிச்சமிருந்தன. அவள் பின்னாலிருந்து இழுத்தாள், நான் காலைத் தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் அவன் பல்லுக்குள் ஒரு சத்தம் போட்டான்.

மேட்டுப் பாதையில் மான் ஏற்றும் ஒற்றைச் சக்கர வண்டியை டிராஸ்பர் நிறுத்திவிட்டுப் போயிருந்தான். அதில் வெய்லனைப் படுக்கவைத்துக் கட்டினோம்.

"என்னையும் கறி மாதிரி கட்டிட்டீங்க," என்றான்.

"கறி இவ்ளோ பேசாது," என்றேன். கோரின் சிரிக்கவில்லை. வண்டியின் கைப்பிடியைப் பிடித்து முன்னால் பார்த்தபடி தள்ளினாள்.

பாதையின் ஆரம்பத்துக்கு நான் போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் வெய்லனை ஏற்றிக்கொண்டு போனது. கோரினும் அதில் ஏறினாள். நான் கூடாரத்தருகே காத்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் டிராஸ்பரும் மச்சானும் வந்தார்கள், அவள் சரிவில் போட்ட தொடையையும் எடுத்துக்கொண்டு. ஒன்று விடாமல் எல்லாம் வந்து சேர்ந்தது. டிராஸ்பர் ஒரு பையை மட்டும் தனியாக வைத்தான். அவன் மேலெல்லாம் ரத்தமும் சேறும்.

"அடிப்பக்கத் தொடை போச்சு. கத்தி விட்டுப் பாத்தேன், வாடை வருது. அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அடிக்க வருவா."

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சொன்னேன். அவள் நம்பவில்லை. கராஜில் அந்தத் தொடையைப் பலகையில் போட்டு எலும்பு வரை பிளந்தாள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். அந்த வாடையில் நான் வெளியே ஓடிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி முகர்ந்து, முகர்ந்து தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் தேறவில்லை. சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் சொன்னான்டி, அதுக்குள்ள இறங்காதன்னு. நான் இறங்கல. மானை இறங்க வெச்சேன்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அவனைப் பாத்து அப்படிக் கேட்டுட்டேனே மாவிஸ். உன் காதுல விழுந்துதா?" என்றாள்.

"விழல," என்றேன்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு முகம் வேணும். உனக்கு இல்ல."

தோட்டத்து மூலையில் குழி வெட்டி அதைப் புதைத்தோம். மிச்சக் கறியை நானும் அவளும் இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டிக் கட்டினோம். டிராஸ்பருக்கு ஒரு பங்கு கொண்டு போனாள். வாங்க மாட்டேன் என்றான். வில்லை இழுத்து எய்துவிடுவேன் என்று மிரட்டியதும் வாங்கிக்கொண்டான்.

வெய்லனுக்கு முதுகில் மறுபடி அறுவை சிகிச்சை செய்தார்கள். வலி பாதி குறைந்தது. இடது பாதம் மட்டும் திரும்ப வரவில்லை. அதை இழுத்துக்கொண்டுதான் நடக்கிறான். குளிர் தொடங்கியபோது வீட்டுக்கு வந்தான். அன்று அவள் அந்தக் கறியை வெங்காயத்தோடு வறுத்தாள். நானும் மேசையில் இருந்தேன். தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு அடுப்பைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள். வெய்லன் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டு மென்றான். நெடுநேரம் மென்றான்.

"உப்பு கம்மி," என்றான்.

அவள் திரும்பாமலே உப்புக் குப்பியைப் பின்னால் நீட்டினாள். தட்டு காலியாகும் வரை அவள் திரும்பவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பற்றி அவர்கள் எப்போதாவது பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. பேசியிருக்க மாட்டார்கள்.

மறு வருடம் அவள் மறுபடி வில்லை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது தனியாகப் போவதில்லை. நான் மேட்டுப் பாதையில் மடக்கு நாற்காலியும் கம்பளி நூலுமாக உட்கார்ந்திருப்பேன். ஒரு மாலை, ஒரு பெண் எல்க் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. குழந்தைகூட அடித்துவிடும் தூரம். அதற்குப் பின்னால் நிலம் புகைக்குழாய்க்குள் இறங்கியது. வில்லை இழுத்தவள் பள்ளத்தைப் பார்த்தாள். கை நோகும் வரை பிடித்திருந்துவிட்டு மெதுவாகத் தளர்த்தினாள். மான் தலையை ஆட்டிக்கொண்டு கீழே போயிற்று.

என்னிடம் வந்து போனை எடுத்து வெய்லனுக்குச் சொன்னாள். அவன் குரல் எனக்கும் கேட்டது.

"கை நடுங்கிருச்சுன்னு சொல்லு, நம்பறேன்."

"நடுங்கல. கீழ பாத்தேன்."

"சரி. வீட்டுக்கு வா."

"இன்னும் வெளிச்சம் இருக்கு. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வரேன்."

"உக்காரு. பயப்படாத, நான் கிளம்பி வர மாட்டேன்."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டு, விளிம்பை விட்டு விலகி மேட்டுப் பக்கமாக நடந்தாள்.